நர்சம்மாவிடம் கேளுங்கள்: கால் காயத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரிதானா?

(காவிரி டெல்டா கிராமங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 33 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர் எழுதும் பகுதி)

இந்த மாதம் வந்த கடிதக் கட்டில் ஐந்து கடிதங்கள் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன: எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மற்ற நோய்களுக்கான வைத்தியம். சர்க்கரைக்குக் கம்பு நல்லதா, கேழ்வரகு நல்லதா என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் எழுதுகிறேன். ஆசிரியரிடம் கேட்டு இந்த இதழின் பக்கங்களை முழுக்க இந்த ஐந்து பேருக்கே வாங்கிக்கொண்டேன். யார் என்று அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நர்சம்மாவுக்கு வணக்கம். எனக்கு 41 வயசு. நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. பதினாலு வருஷமா கூட்டு மருந்து சாப்பிடுறேன், ஒரு நாள் விட்டதில்லை. தாளடி அறுப்புல மெஷின் இறங்க முடியாத சேத்து மூலையை நாங்க கையால அறுத்தோம். கருக்கரிவாள் கால்ல இறங்கிடுச்சு. நொண்டிக்கிட்டே எங்க ஊரு சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்க ஒருத்தருக்கு என்னைப் பத்தித் தெரியும். உள்ள போய்ப் பேசிட்டு வந்து, "உனக்கு இங்க பாக்க முடியாது, மருந்து வாங்குற இடத்துக்கே போயிடு"ன்னாங்க. துண்டை நனைச்சுக் கட்டிக்கிட்டு பஸ் ஏறினேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டு போட்டிருந்துச்சு. பஸ் தரையில ரத்தம் சொட்ட, யாரும் மிதிச்சிடக் கூடாதுன்னு முந்தானையால தொடச்சுக்கிட்டே இருந்தேன். பெரிய ஆஸ்பத்திரியில கூட்டு மருந்து குடுக்கிற இடத்துல, "தையல் இங்க போடுறதில்லம்மா, ஓ.பி.யில சீட்டு வாங்கு"ன்னாங்க. தையல் போட்டு முடிக்கிறப்ப பொழுது சாஞ்சிடுச்சு. காய்ச்சல், காயம்னா நான் எங்கதான் போகணும்? எங்க ஊர்லயே பாக்கச் சொல்லிக் கேக்க எனக்கு உரிமை இருக்கா?

அம்மா, முந்தானையால் துடைத்தேன் என்ற வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகுதான் மறுபடி எடுத்தேன்.

அந்தக் கவலையை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன். பஸ் தரையில் சொட்டிய ரத்தம் ஒருவர் பாதத்தில் படுவதால் இந்தத் தொற்று ஒட்டாது. அதிலும் நீங்கள் பதினாலு வருஷம் ஒழுங்காக மருந்து எடுப்பவர். வருஷத்துக்கு ஒரு முறை வைரஸ் அளவு பார்க்கிறார்கள் அல்லவா, அதில் "கண்டறியும் அளவில் இல்லை" என்று வந்து, தொடர்ந்து அப்படியே இருந்தால், தாம்பத்தியத்தில்கூட அடுத்தவருக்குத் தொற்று போவதில்லை என்று உலகம் முழுக்க மருத்துவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இனி ஒரு தடவை காயம் பட்டால் துணியை மடித்து வைத்து இறுக்கி அழுத்திக் கட்டுங்கள், காலை உயர்த்தி வையுங்கள். தரையைத் துடைக்கக் குனிய வேண்டாம்.

காய்ச்சல், காயம், வயிற்றுப்போக்கு, சேற்றுப்புண், ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம்தான். கேட்க உரிமை இருக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர் என்பதற்காக மருத்துவம் மறுப்பதும், பாதியில் நிறுத்துவதும், மற்றவர்களிலிருந்து பிரித்து மட்டமாக நடத்துவதும் அந்தச் சட்டம் தடை செய்திருக்கும் பாகுபாடு. அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி என்ற வேறுபாடெல்லாம் அதில் இல்லை.

அவர்கள் உங்களை ஏன் அப்படி அனுப்பினார்கள் என்பதைச் சொல்ல என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1996-ல் நான் வேலை பார்த்த இடத்துக்கு ஒரு லாரி கிளீனர் பையன் வயிற்றுப்போக்கோடு வந்தான். இருபத்து நாலு வயசு இருக்கும். பரிசோதனை முடிவு வந்ததும் கட்டிலை வராந்தாவுக்குத் தள்ளினோம். கேஸ் சீட்டின் தலையில் சிவப்பு மையால் பெரிதாக எழுதியது நான்தான். சாப்பாட்டுத் தட்டைக் காலால் நகர்த்தி வைத்த ஆயாவைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றதும் நான்தான். அவனுக்குச் சலைன் ஏற்றக் கையைப் பிடித்தபோது, "சிஸ்டர், நீங்க மட்டுந்தான் தொடுறீங்க" என்றான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டிருந்தேன். அவன் அதையும் நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டான். அவன் வீட்டார் வந்து கூட்டிப்போன பிறகு என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது.

அப்போது எங்களிடம் மருந்து இல்லை. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து தர ஆரம்பித்தபோது, நாடு முழுக்க எட்டே ஆஸ்பத்திரிகள். நமக்குத் தாம்பரம். இங்கிருந்து ராத்திரி பஸ் ஏறிப் போய் விடிகாலையில் வரிசையில் நிற்பார்கள். பிறகு மாவட்டம்தோறும் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் வந்தது, துணை மையங்கள் வந்தன, பரிசோதனைக்கு நம்பிக்கை மையங்கள் வந்தன. தனி அறை, தனி ஆலோசகர், தனிப் புத்தகம், தனி மருந்து. அந்தத் தனி ஏற்பாடு லட்சக்கணக்கானவர்களின் உயிரைக் காப்பாற்றியது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதே ஏற்பாடு மற்ற ஊழியர்களுக்கு ஒரு தவறான பாடத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டது: "இவர்களுக்குத்தான் தனி இடம் இருக்கிறதே, நாம் ஏன் பார்க்க வேண்டும்?" ஏ.ஆர்.டி. மையத்தில் இருப்பவர் வைரஸைப் பார்க்கிறார். அங்கே தையல் ஊசியோ, பல் நாற்காலியோ, பிரசவ அறையோ கிடையாது. அவர்கள் உங்களை ஓ.பி.க்கு அனுப்பியதில் தப்பில்லை. ஓ.பி. பார்க்க வேண்டிய உங்கள் ஊர் வாசல் மூடியிருந்ததுதான் தப்பு.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அடுத்த முறை போனால் முதலில் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். சீட்டு கையில் இருந்தால் நீங்கள் வந்ததற்குச் சாட்சி. "இங்கே பார்க்க முடியாது" என்றால், "சரிங்க, ஏன் அனுப்புறீங்கன்னு சீட்டுல எழுதிக் குடுங்க, 108-ஐக் கூப்பிடுங்க" என்று சொல்லுங்கள். வாயால் "போ" என்பவர்கள் எழுதச் சொன்னால் பெரும்பாலும் யோசிப்பார்கள். நான் வாசலுக்கு உட்பக்கம் இருந்தவள், இது எனக்குத் தெரியும். அதற்கும் மசியவில்லை என்றால் 1097-க்குப் போன் போடுங்கள். எச்.ஐ.வி. சம்பந்தமான கட்டணமில்லாத உதவி எண், தமிழில் பேசலாம். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவ இடங்களில் புகார் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். அதற்கும் மேலே, மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளர். அவர் 30 நாளில் உத்தரவு போட வேண்டும், அவசர மருத்துவ விஷயமென்றால் கூடியவரை 24 மணி நேரத்துக்குள். புகார் எழுத வக்கீல் தேவையில்லை. தேதி, நேரம், யார் என்ன சொன்னார், உங்களுக்கு என்ன காயம் என்று எனக்கு எழுதியது மாதிரியே எழுதினால் போதும். நீங்கள் நன்றாக எழுதுகிறீர்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். வயல் சேற்றில் பட்ட காயத்துக்கு டெட்டனஸ் தடுப்பூசி போட்டார்களா? அந்தச் சீட்டைப் பாருங்கள். போடவில்லை என்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள்.

நர்சம்மா, எனக்கு 52 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு கும்பகோணம் பக்கம் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். எச்.ஐ.வி. மருந்து (தினம் ஒரு மாத்திரை) எடுக்கிறேன். போன வருஷம் சர்க்கரை என்று சொல்லி, ஊர் சுகாதார நிலையத்தில் மெட்ஃபார்மின் 500 காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு கொடுத்தார்கள். அங்கே என் தொற்றைப் பற்றிச் சொல்லவில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண் எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. அவர் கண்ணில் படக் கூடாது என்று எச்.ஐ.வி. மாத்திரைகளை ஊறுகாய் பாட்டிலில் கொட்டி பரணில் வைத்திருக்கிறேன். சர்க்கரை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டுமா? சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஐயா, சட்டப்படி கட்டாயம் இல்லை. உங்கள் சம்மதம் இல்லாமலோ கோர்ட் உத்தரவு இல்லாமலோ உங்கள் நிலையைச் சொல்லச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது.

ஆனாலும் சொல்லுங்கள் என்றுதான் சொல்வேன், காரணம் உங்கள் மாத்திரையிலேயே இருக்கிறது. தினம் ஒன்று என்று இப்போது பெரும்பாலும் தருவது டி.எல்.டி. அதில் டொலுடெக்ராவிர் என்று ஒரு மருந்து கலந்திருக்கிறது. அது உடம்பில் இருக்கும்போது மெட்ஃபார்மின் சீக்கிரம் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். அதனால் இரண்டையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். உங்களுக்கு 2,000. எழுதிக்கொடுத்த டாக்டர் மேல் பழி சொல்ல முடியாது, அவருக்குத் தெரியாதே. குமட்டல், வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, இனம் தெரியாத அசதி இருக்கிறதா? இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், பாதியாக்கவும் வேண்டாம்.

சொல்கிற விதம் ஒன்று இருக்கிறது. காலை ஓ.பி. கூட்டத்தில், பின்னால் பத்துப் பேர் முதுகில் சாய்ந்துகொண்டு நிற்கும்போது எதையும் பேச முடியாது. கூட்டம் கலைந்த பிறகு போங்கள். "டாக்டர்கிட்ட தனியா ஒரு நிமிஷம்" என்று கேளுங்கள். நோயின் பெயரைச் சொல்லவே வேண்டாம். "நான் டி.எல்.டி. மாத்திரை எடுக்கிறேன்" என்ற ஒரு வரி போதும், படித்தவருக்குப் புரியும். வாயில் வரவில்லையா, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள், திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் முடியாது என்றால் எதிர்ப்பக்கமாக வாருங்கள்: ஏ.ஆர்.டி. மையத்து டாக்டரிடம் சர்க்கரை மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். இரண்டு பேரில் ஒருவருக்காவது இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

தெருக்காரப் பெண்ணைப் பற்றிய உங்கள் பயத்தை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். 2021-ல் அந்தத் திட்டம் வந்தபோது, படுத்த படுக்கையாகக் கிடந்த எத்தனையோ கிழவிகளுக்கு மாத்திரை வாசலுக்கே வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் வாசலுக்கு வருகிறவர் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால், ஒளிக்க வேண்டியது இருப்பவர் கதவைச் சாத்திக்கொள்வார். திட்டம் போடுகிறவர்கள் இதை இன்னும் யோசிக்க வேண்டும். உங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கு வேண்டாம், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றால், ஏன் என்று கேட்காமல் தர வேண்டும்.

ஊறுகாய் பாட்டில் வேண்டாம். மாத்திரை வந்த டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும், அது மருந்துக்குக் காவல். லேபிளை வேண்டுமானால் உரித்துவிடுங்கள், டப்பாவை மாற்றாதீர்கள். அடுப்புக்கு மேலே உள்ள பரண் என்றால் இடத்தையும் மாற்றுங்கள். இன்னும் இரண்டு: வயிறு உப்புசத்துக்குக் கடையில் வாங்கும் கேஸ் சிரப், சுண்ணாம்புச்சத்து மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை இவற்றோடு சேர்த்து டி.எல்.டி. போட்டால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் பின்னாலோ போட வேண்டும். முட்டிவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் வேண்டாம். டி.எல்.டி.யில் உள்ள டெனோஃபோவிர் சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் பாரம், அதன் மேல் இதுவும் ஏறக் கூடாது.

சிஸ்டர், நான் மயிலாடுதுறை மாவட்டத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த செவிலியர். 26 வயது. வீட்டில் ஆறு மாதக் குழந்தை. உண்மையைச் சொல்கிறேன், எச்.ஐ.வி. நோயாளிக்கு ஊசி போடவோ டிரெஸ்ஸிங் செய்யவோ எனக்குப் பயமாக இருக்கிறது. வருகிறவர்களில் யாருக்கு இருக்கிறது என்று முன்னாடியே தெரிந்தால் ஜாக்கிரதையாக இருக்கலாம் அல்லவா?

பயமாக இருக்கிறது என்று பெயர் போட்டு எழுதியிருக்கிறாயே, அதற்கே உனக்கு நன்றி, தங்கச்சி. நான் அந்த வயசில் இதை யாரிடமும் ஒத்துக்கொள்ளவில்லை.

30, 3, 0.3. இந்த மூன்று எண்ணை மனப்பாடம் பண்ணிக்கொள். ரத்தம் பட்ட ஊசி குத்திவிட்டால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 30 வரை, ஹெபடைடிஸ் சி-க்கு 3, எச்.ஐ.வி.க்கு 0.3. மருந்தைச் சரியாக எடுக்கும் நோயாளி என்றால் அதுவும் மிகக் குறையும். உன் டிரெஸ்ஸிங் மேஜையில் உட்காருகிறவர்களில் "எனக்கு இருக்கு" என்று சொல்பவர் பெரும்பாலும் மருந்து எடுப்பவர். தனக்கு இருப்பதே தெரியாதவரும், மஞ்சள் காமாலைக் கிருமியைச் சுமப்பவரும் ஒன்றும் சொல்லாமல் அதே மேஜையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். பெயர் தெரிந்து நீ ஜாக்கிரதையாக இருந்தால், பெயர் தெரியாதவரிடம் அஜாக்கிரதையாக இருப்பாய். எல்லோருக்கும் ஒரே கையுறை, ஒரே முறை. போட்ட ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டாதே. எனக்கு 33 வருஷத்தில் இரண்டு முறை குத்தியது, இரண்டும் மூடி மாட்டும்போதுதான். கையோடு ஊசியை வெட்டி வெள்ளைப் பெட்டியில் போடு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுவிட்டாயா?

குத்திவிட்டால் அழுத்திப் பிதுக்காதே, சோப்புத் தண்ணீரில் கழுவு, உடனே மருத்துவ அலுவலரிடம் சொல். தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், கடைசி எல்லை 72 மணி நேரம். ஆரம்பித்தால் 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மருந்து உனக்கு எங்கே கிடைக்கும், ராத்திரி டியூட்டியில் யாரைக் கூப்பிடுவது என்று நாளைக்கே கேட்டு வை. நான் மேலே சொன்ன அதே 2017 சட்டம் உனக்கும் பாதுகாப்பு தருகிறது. கையுறை, பயிற்சி, இந்தத் தடுப்பு மருந்து மூன்றையும் நிர்வாகம் உனக்குத் தந்தாக வேண்டும். கையுறை தீர்ந்துபோய்விட்டது என்றால் உன் கோபம் போக வேண்டிய இடம் ஸ்டோர்.

எச்.ஐ.வி. உள்ளவர் நம்பி வந்து உன்னிடம் சொன்னால் ஒன்றை மட்டும் மறக்காமல் கேள்: "இருமல் இருக்கா?" மற்றவர்களுக்கு இரண்டு வாரம் இருமினால்தான் காசநோய்ப் பரிசோதனை என்று படித்திருப்பாய். இவர்களுக்கு ஒரு நாள் இருமலும் கணக்கு. காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை இவற்றையும் கேள். எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொண்டுபோவது காசநோய்தான்.

எங்கள் ஊர் முகாமில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்தார்கள். எச்.ஐ.வி. இருக்கிறதே, எதற்கு வம்பு என்று நான் போகவில்லை. சரியா? (வாசகி, மன்னார்குடி)

போயிருக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட ஆறு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்களுக்கு 25 வயதிலிருந்தே பார்க்கச் சொல்கிறார்கள். முகாம்வரை காத்திருக்க வேண்டாம், அரசு ஆஸ்பத்திரியில் எந்த வேலை நாளிலும் கேட்கலாம். சில நிமிஷம்தான், வலி இருக்காது. மாதவிடாய் நாட்களை மட்டும் தவிர்த்துவிட்டுப் போங்கள்.

அம்மா, எனக்கும் மனைவிக்கும் எச்.ஐ.வி. பதினெட்டு வருஷமாக மாசம் தவறாமல் ரெண்டு பேரும் ஒண்ணாகப் போய் மருந்து வாங்கினோம். வைரஸ் இல்லை, சிடி4 (எதிர்ப்பு சக்தி அளவு) நல்லா இருக்கு என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார்கள். ஊர் ஆஸ்பத்திரிப் பக்கம் நாங்கள் போனதே இல்லை, எங்கே தெரிந்துவிடுமோ என்று. போன ஐப்பசி அடைமழையில் ராத்திரி அவள் மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு, பிரஷர் ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்றார்கள். மூணாம் நாள் போய்விட்டாள். பிரஷர் இருந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது. யார் மேல் தப்பு?

ஐயா, உங்கள் கடிதத்துக்கு என்ன எழுதுவது என்று நாலு நாளாக வைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் மேல் தப்பில்லை. அவரைப் பதினெட்டு வருஷம் உயிரோடு வைத்திருந்ததில் உங்கள் பங்கு பெரிது. ஒருவர் தவறினால் இன்னொருவர் மாத்திரையை ஞாபகப்படுத்தி, ஒரே பஸ்ஸில் போய் வந்திருக்கிறீர்கள். மருந்து தந்தவர்கள் தங்களிடம் கொடுத்த வேலையைச் செய்தார்கள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்க்க இரண்டு நிமிஷம், அந்த இரண்டு நிமிஷம் யாருடைய வேலை என்று தீர்மானமாகாமலே கிடந்திருக்கிறது. உங்களை ஊர் ஆஸ்பத்திரிக்குப் போக விடாமல் செய்த பயத்தை உண்டாக்கியதில், அன்றைக்குச் சிவப்பு மையால் எழுதிய என்னைப் போன்றவர்களுக்கும் பங்கு இருக்கிறது. அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கூட்டு மருந்து வந்த பிறகு எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஐம்பது, அறுபது, எழுபது என்று வயசாகி வாழ்கிறார்கள். வயசானவர்களுக்கு வரும் பிரஷர், சர்க்கரை, இதய நோய் எல்லாம் இவர்களுக்கும் வரும், இதய நோய் கொஞ்சம் கூடுதலாகவே வரும். அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது, மாத்திரையைப் பையில் போடுவதற்கு முன்னால் கையை நீட்டி, "எனக்குப் பிரஷர் பாருங்க" என்று கேளுங்கள். அங்கே கருவி இல்லை என்றால் அதே வளாகத்தில் ஓ.பி.யில் பார்ப்பார்கள். எண்ணை உங்கள் சிகிச்சைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி வாங்குங்கள். 140-க்கு 90-ஐத் தொட்டிருந்தால் மறுநாளும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்குக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. பார்த்துவிட்டு, அந்த எண்ணை எனக்கு ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். காத்திருப்பேன்.